பூசை கண்ட வாகனத்தில் விளக்கு எரிகின்றதா?

விளக்கேற்றாமல் எந்த ஆலயத்திலும் பூசை தொடங்குவதில்லை. கருவறையின் தூண்டாமணி விளக்கு அணைந்துவிடலாகாது என்பதில் அர்ச்சகர் காட்டும் கவனத்தைப் பக்தர்கள் நன்கு அறிவார்கள். ஆனால், அதே பக்தர்கள் ஆலயத்திற்கு ஏறிவரும் வாகனத்தின் விளக்கு எரிகின்றதா என்பதைக் கவனிப்போர் மிகச் சிலரே.

தைப்பூசக் காலத்தில் பினாங்கு உறங்குவதில்லை. பினாங்கு வீதியின் கோவில் வீட்டிலிருந்து புறப்படும் வெள்ளி இரதமும், 2017-ஆம் ஆண்டு முதல் வலம்வரும் தங்க இரதமும் தண்ணீர்மலையை நோக்கிச் செல்கின்றன. பால்குடம் ஏந்துவோர் விடியலுக்கு முன்பே வெறுங்காலுடன் சாலையில் நடக்கின்றனர். பட்டர்வொர்த், செபராங் பிறை வட்டாரங்களிலிருந்து 1985-இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தைக் கடந்து மோட்டார் சைக்கிள்களில் வருவோர் பலர். வழிபாடு முடிந்து அவர்கள் வீடு திரும்புவது பெரும்பாலும் நள்ளிரவிலேயாகும்.

அந்நேரத்தில் எழும் ஆபத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தண்ணீர்ப் பந்தல்களின் பேரொளியில் பல மணி நேரம் நின்ற கண்களுக்கு, இருண்ட சாலை பழகுவதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் 22 மீட்டர் கடந்துவிடுகின்றது. ஓட்டுநர் ஒருவரைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே ஏறத்தாழ 40 மீட்டர் போய்விடும். முகப்பு விளக்கு மங்கியிருந்தால், கருநிற உடையணிந்தவர் கண்ணில் படும்போது காலம் கடந்திருக்கும்.

விளக்கு மங்குவதற்குக் காரணம் பல்ப் மட்டுமன்று. தற்காலக் கார்களின் முகப்பு விளக்கை மூடியிருப்பது பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்தது. வெயிலில் அது நாளடைவில் மஞ்சளித்துப் போகின்றது. அவ்வாறு மங்கிய விளக்கு, புதிய விளக்கு தரும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கையே தரக்கூடும் என்று அமெரிக்க மோட்டார் சங்கமான ஏஏஏ 2018-இல் கண்டறிந்தது. இதற்கு மாற்றாகச் சிலர் ஹாலோஜன் பல்ப்புக்கென அமைந்த கூட்டில் கண்ணைப் பறிக்கும் எல்இடி பல்ப்பைப் பொருத்துகின்றனர். அவ்வொளி முறையாகக் குவியாமல் சிதறி, எதிரே வருபவரின் கண்ணை மறைக்கின்றது. முதியோரின் கண்கள் அந்தக் கூச்சத்திலிருந்து மீள்வதற்கு அதிக நேரம் ஆகும்.

இன்னொன்றும் உண்டு. அன்னதானப் பாத்திரங்களையும் அரிசி மூட்டைகளையும் காரின் பின்புறத்தில் ஏற்றும்போது முன்புறம் உயர்கின்றது. தாழ்ந்த ஒளியும் மேல்நோக்கிப் பாய்கின்றது. பல கார்களில் இதனைச் சரிசெய்யும் எண்ணிட்ட சிறு சக்கரம் ஓட்டுநருக்கு அருகிலேயே இருக்கின்றது. அதனைத் தொட்டே பார்க்காதவர்கள் எத்தனை பேர்!

பின்விளக்கோ ஓட்டுபவரின் கண்ணில் படுவதே இல்லை. அது பழுதானதைப் பிறர் சொன்னால்தான் தெரியும். மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. அவர்கள் பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட வேண்டும் என்னும் விதி 1992-இல் வந்தது. பிறர் கண்ணில் படாமையால் நேரும் விபத்துகள் அதன்பின் குறைந்தன என ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். பகலிலேயே விளக்கு உயிரைக் காக்குமாயின், இரவில் அதன் தேவையைச் சொல்லவும் வேண்டுமோ?

வர்த்தக வாகனங்களுக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. சொந்தக் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஆண்டுதோறும் அத்தகைய கட்டாயம் இல்லை. ஆகவே பொறுப்பு உரிமையாளரையே சார்ந்தது. அப்பொறுப்பை நினைவூட்ட ஆலயத்தைவிடச் சிறந்த இடம் எது?

புதிய வாகனம் வாங்கியோர் அதனை ஆலயத்திற்குக் கொண்டுவந்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை செய்வது நம்மவர் வழக்கம். ஆயுத பூசையன்று பழைய வாகனங்களும் வரிசையில் நிற்கின்றன. அப்போது சந்தனமும் குங்குமமும் விளக்கின் கண்ணாடி மீதே அப்பப்படுவதையும், மாலை விளக்கை மறைத்துத் தொங்குவதையும் காணலாம். பொட்டினை விளக்குக்கு மேலே இடுவதால் பூசைக்குக் குறைவு வந்துவிடாது. தீபாராதனைக்கு முன்னர் எல்லா விளக்குகளையும் எரியவிட்டுக் காட்டுமாறு அர்ச்சகர் பணித்தால், அதுவே பூசையின் ஓர் அங்கமாகிவிடும்.

தைப்பூசத்திற்கு முந்திய வாரங்களில், வெள்ளிக்கிழமை மாலைகளில், பட்டறைத் தொழில் அறிந்த இளைஞர்களைக் கொண்டு ஆலய வளாகத்தில் விளக்குச் சோதனை நடத்த ஆலய நிர்வாகங்கள் முன்வர வேண்டும். மோட்டார் சைக்கிளின் பின்விளக்குப் பல்ப் சில வெள்ளிக்குக் கிடைக்கும். வசதியற்றோருக்கு அதனை வாங்கித் தருவதும் தருமமே. தமிழகத்தில் பழனிக்குப் பாத யாத்திரை செல்வோரின் பைகளில் ஒளி பிரதிபலிக்கும் பட்டைகள் ஒட்டப்படுகின்றன. இங்கே இரவில் நடப்போருக்கும் அதனைச் செய்யலாம்.

விபத்து நேர்ந்தபின் "விதி" என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்வது எளிது. பல வாரங்களாக எரியாத பின்விளக்கு விதியின் செயலன்று, அது கவனக்குறைவு. முருகனைக் கண்டு திரும்பும் பிள்ளைக்காக வாசலில் விளக்கேற்றிக் காத்திருக்கும் தாய் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கின்றாள். அவள் ஏற்றிய விளக்கை அவன் வந்து காண வேண்டுமாயின், அவனுடைய வாகனத்தின் விளக்கும் எரிந்தாக வேண்டும்.