ஓடுகாலியின் ஆர்.சி. புத்தகம்

வீட்டைவிட்டுப் போகும் ஆணுக்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. தேசாந்திரி, துறவி, சித்தர். ஒன்றுக்கும் தேறாவிட்டால் ஊர்சுற்றி. பெண்ணுக்கு ஒரே பெயர்தான்: ஓடுகாலி. இந்தச் சொல் தெருக்குழாயடியிலும் பஞ்சாயத்துத் திண்ணையிலும் மட்டுமே புழங்குகிறது என்று நினைத்திருப்போம். மோட்டார் வாகனச் சட்டத்திலும் காப்பீட்டுப் படிவத்திலும்கூட அது எழுதப்படாமல் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் என் வாதம்.

என் தோழி ஒருத்தி முப்பது ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்துவிட்டு விருப்ப ஓய்வு பெற்றவள். கணவனைப் பிரிந்து நெடுங்காலம் ஆகிறது. பழைய டெம்போ டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, அதையே வீடாக்கிக்கொண்டு வாழ முடிவுசெய்தாள். பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு ஒரு கட்டில், சின்ன அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கூரையில் சோலார் தகடு, மூலையில் ஒரு கழிப்பறை. மழைக்காலத்தில் ஓரிடம், கோடையில் ஓரிடம். திரும்பிவர வேறு வீடு வைத்துக்கொள்ளாத முழுநேர வாழ்க்கை. கேள்விப்பட்ட உறவினர்கள் எல்லோரும் 'எங்கே போகப் போகிறாய்?' என்று கேட்டார்கள். அரசும் காப்பீட்டு நிறுவனமும் கேட்டது வேறு: 'எங்கே இருப்பாய்?'

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, உரிமையாளர் குடியிருக்கிற அல்லது தொழில் நடத்துகிற, வண்டி வழக்கமாக நிறுத்தி வைக்கப்படுகிற மாநிலத்தில் அதைப் பதிவுசெய்யச் சொல்கிறது. முகவரி மாறினால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது 49ஆம் பிரிவு. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டி இருந்தால் அந்த மாநிலத்து எண்ணுக்கு மாற வேண்டும் என்கிறது 47ஆம் பிரிவு. அதற்குப் பழைய மாநிலத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். புதிய மாநிலத்தில் சாலை வரி கட்ட வேண்டும். பழைய இடத்தில் கட்டிய வரியைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். சட்டத்தின் மனத்தில் வண்டி என்பது மேய்ந்துவிட்டு மாலையில் கொட்டிலுக்குத் திரும்பும் மாடு. அந்த மாட்டின் முதுகிலேயே ஒருத்தி குடியிருக்கக் கூடும் என்று அது நினைத்துப் பார்க்கவில்லை.

தோழிக்கு இதற்கு வழி சொன்னவர் ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் நிற்கும் புரோக்கர். "அண்ணன் வீட்டு அட்ரஸைக் குடுத்துடுங்கம்மா, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க." அவர் கெட்டவர் இல்லை, நடைமுறையைச் சொன்னார். ஆனால் அந்த நடைமுறையின் விலை என்ன? அபராத நோட்டீஸ், காப்பீட்டுப் புதுப்பிப்பு, வழக்கு என்றால் சம்மன், எல்லாம் அண்ணன் வாசலுக்குப் போகும். தன் பணத்தில், தன் பெயரில் வாங்கிய வண்டியின் கடிதங்களை முதலில் பிரிப்பவர் வேறொருவர். 'கேர் ஆஃப்' என்பதை நாம் தமிழில் 'மே/பா' என்று எழுதுகிறோம், மேற்பார்வை என்பதன் சுருக்கம். ஆங்கிலச் சொல் அக்கறை போலக் காட்டிக்கொள்கிறது. தமிழ் உள்ளதைச் சொல்லிவிட்டது. பெண்ணின் முகவரி என்பது தந்தை, கணவன், அண்ணன், மகன் என்று கைமாறும் மேற்பார்வைதான்.

'அலைகிறவர்களுக்கெல்லாம் சட்டம் எழுத முடியுமா?' என்று கேட்கலாம். எழுதியிருக்கிறார்களே! 2021 ஆகஸ்டில் ஒன்றிய அரசு 'பி.எச்.' என்னும் பாரத் வரிசை எண்ணை அறிவித்தது. அந்த எண் வாங்கிய வண்டி மாநிலம் மாறினால் மறுபதிவு தேவையில்லை. யாருக்கு அந்தச் சலுகை? ராணுவத்தினருக்கு, ஒன்றிய, மாநில அரசு ஊழியர்களுக்கு, பொதுத்துறை நிறுவன ஊழியர்களுக்கு, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களுக்கு. அதாவது, ஒருவரை முதலாளி இடம் மாற்றினால் அந்த அலைச்சலைச் சட்டம் மதிக்கிறது. ஒருத்தி தானே முடிவெடுத்துப் போனால் மதிப்பதில்லை.

இந்த வேறுபாடு நமக்குப் புதிதல்ல. இந்தியாவில் பெண்கள் ஊர்விட்டு ஊர் போவதற்கு முதல் காரணம் திருமணம் என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்கிறது. பிறந்த ஊர், தோழிகள், பேச்சுவழக்கு, ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் எல்லாவற்றிலிருந்தும் கோடிக்கணக்கான பெண்கள் பெயர்த்து நடப்படுகிறார்கள். அவர்களை யாரும் நாடோடி என்பதில்லை, மருமகள் என்கிறார்கள். ஆக, பெண் இடம்பெயர்வதில் இந்தச் சமூகத்துக்கு ஆட்சேபணை கிடையாது. அனுப்பாமல் போவதில்தான் ஆட்சேபணை.

பதிவைத் தாண்டினால் அடுத்த சுவர் 52ஆம் பிரிவு. உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாக உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இருக்கையைக் கழற்றிக் கட்டில் போட்டால் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் இருக்கை எண்ணிக்கையே பொய்யாகிவிடும்.

இத்தனைக்கும் 'சொந்தப் பயன்பாட்டுக்கான கேம்பர் வேன்' என்ற வகை 2004ஆம் ஆண்டின் ஒன்றிய அரசு அறிவிக்கையிலேயே இருக்கிறது. மோட்டார் கேரவன்களுக்கு ஏ.ஐ.எஸ்.-124 என்ற தரநிலையும் இருக்கிறது. ஆனால் அது மாதிரி வண்டியைச் செய்து சோதனை முகமையிடம் ஒப்படைத்துச் சான்று வாங்கும் உற்பத்தியாளரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஓய்வூதியப் பணத்தில் ஒரே ஒரு வண்டியைத் தச்சரையும் வெல்டரையும் வைத்து மாற்றிக்கொள்ள நினைக்கும் பெண்ணுக்கு அந்தக் கதவு மிக உயரத்தில் இருக்கிறது. பரிசோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டில் சட்டகத்தோடு இறுக்கப்பட்டிருக்கிறதா, சிலிண்டர் கசியுமா, மின்கம்பி பத்திரமா, எடை கூடிவிட்டதா என்று பார்க்கத்தான் வேண்டும். அதைப் பார்க்க ஒரு மோட்டார் வாகன ஆய்வாளரும் எளிய பட்டியலும் போதும்.

காப்பீட்டில் இன்னும் வேடிக்கை. அடுத்தவருக்கு நேரும் இழப்புக்கான மூன்றாம் நபர் காப்பீடு 146ஆம் பிரிவின்படி கட்டாயம், அது கிடைத்துவிடும். தன் வண்டிக்கான காப்பீட்டில் 'ஐ.டி.வி.' என்ற மதிப்பு உற்பத்தியாளரின் விலையிலிருந்து வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கழித்து வருவது. ஐந்து ஆண்டு தாண்டிய வண்டிக்கு இரு தரப்பும் பேசி முடிவுசெய்துகொள்ள வேண்டும். வண்டியைவிட உள்ளே செய்த வேலைக்குத் தோழி அதிகம் செலவழித்திருந்தாள். அதை அறிவிக்காமல் விட்டால் விபத்து நேரும் நாளில் 'மாற்றம் செய்ததை மறைத்தீர்கள்' என்று கோரிக்கையை மறுக்கலாம். அறிவித்தால் 'ஆர்.சி.யில் ஏற்றிக்கொண்டு வாருங்கள்' என்பார்கள். வீட்டுக் காப்பீட்டுப் பக்கம் போகலாம் என்றால், 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' கட்டடத்தையும் அதற்குள் இருக்கும் பொருள்களையும் காப்பது. சக்கரம் வைத்த வீடு வண்டிக் கணக்கிலும் முழுதாகச் சேராது, வீட்டுக் கணக்கிலும் சேராது.

அந்த அலுவலகத்தில் நானும் உடன் இருந்தேன். "சொந்த உபயோகமா, வாடகைக்கா?" என்று கேட்டார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். "குடியிருக்க" என்றாள் தோழி. "அப்படி ஒரு காலம் ஃபார்ம்ல இல்லையேம்மா. சாரை ஒருதடவை வரச் சொல்லுங்களேன்." வருவதற்கு எந்தச் சாரும் இல்லை. இல்லாத அந்தச் சாருக்காகத்தான் நம் படிவங்கள் எல்லாம் அச்சடிக்கப்பட்டிருக்கின்றன.

கேரவன் என்றால் நம் ஊரில் நினைவுக்கு வருவது சினிமாப் படப்பிடிப்பு. நட்சத்திரங்களுக்கு ஓய்வறை, கழிப்பறை, உடைமாற்றும் அறை. துணை நடிகைகளுக்குக் கழிப்பறையோ உடைமாற்ற இடமோ இல்லாத நிலையை 2024 ஆகஸ்டில் வெளியான ஹேமா குழு அறிக்கை மலையாளத் திரையுலகில் பதிவுசெய்தது. அதே கேரளத்தின் அரசு 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்தது. நட்சத்திரத்துக்கும் சுற்றுலாப் பயணிக்கும் சக்கரத்தின் மேல் கழிப்பறை கிடைக்கும். ஏனென்றால் அவர்களுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது. வாழ்வதற்காகக் கேட்பவளுக்குத்தான் கட்டம் இல்லை.

'தனியாக வண்டியில் தூங்குவது பாதுகாப்பா?' என்பார்கள். கேட்பவர்கள் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையைப் பார்க்கட்டும். பெண்களுக்கு எதிராகப் பதிவான குற்றங்களில் மிகப்பெரிய பங்கு, சுமார் 31 விழுக்காடு, கணவனும் கணவன் வீட்டாரும் செய்த கொடுமை. அவை நடந்த இடங்களுக்கெல்லாம் கதவு எண் உண்டு, வீட்டு வரி ரசீது உண்டு. நெடுஞ்சாலையில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த ஆபத்தைக் குறைக்க விளக்கும் கழிப்பறையும் நிறுத்துமிடமும் கேட்போம். வீட்டுக்குள் இருக்கும் ஆபத்தைக் காட்டி வெளியே போகாதே என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

வெளிநாட்டைக் காட்டி மயங்கவும் நான் தயாராக இல்லை. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஓர் இரவு தங்கிய ரசீதும் அஞ்சல் பெற்றுத் தரும் நிறுவனத்தின் முகவரியும் இருந்தால் ஓட்டுநர் உரிமம் வாங்கலாம், வண்டியைப் பதிவுசெய்யலாம். முழுநேரமும் வண்டியில் வாழ்பவர்களுக்கென்றே அங்கே காப்பீடு இருக்கிறது. வண்டியையும் வீட்டையும் ஒரே பத்திரத்தில் சேர்த்துக் காக்கிறது. ஆனால் ஜெசிக்கா புரூடர் 2017இல் எழுதிய 'நோமேட்லேண்ட்' நூலைப் படித்தவர்களுக்குத் தெரியும், அங்கே வேனில் வாழும் முதிய பெண்கள் பலர் வாடகை கட்ட முடியாமல் வண்டிக்கு வந்தவர்கள். கிடங்குகளிலும் முகாம்களிலும் பருவக்கூலி வேலை செய்பவர்கள். காகிதம் எளிது, வாழ்க்கை கடினம். நமக்குக் காகிதமும் வேண்டும், ஓய்வூதியமும் வேண்டும்.

இன்னொரு கேள்வியைத் தோழியர்களே கேட்பார்கள்: 'வேன் வாங்கும் வசதி எத்தனை பெண்களுக்கு?' நியாயமான கேள்வி. இந்த மண்ணின் உண்மையான நாடோடிகள் வேன் வைத்திருந்தவர்கள் அல்லர். 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம், நிலையான முகவரி இல்லாத சமூகங்கள் பலவற்றைப் பிறவிக் குற்றவாளிகளாக்கியது. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இங்கே 1947இலும் நாடு முழுவதற்குமாக 1952இலும் நீக்கப்பட்டது. சட்டம் போனது, 'எங்கே இருப்பாய்?' என்ற சந்தேகம் போகவில்லை. பாசி மணி விற்கும் பெண்ணைப் பேருந்து நிலையத்திலிருந்து விரட்டும் லத்தியும், என் தோழியிடம் சாரைக் கேட்ட படிவமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. அடி ஒன்றல்ல, அதை நான் மறக்கவில்லை. ஆனால் நிலையான முகவரி இல்லாதவருக்கும் முழு உரிமை என்ற கொள்கையை வென்றெடுத்தால் முதலில் பயன்பெற வேண்டியவர் அந்தப் பாசிமணிப் பெண்தான்.

அது நடக்காத காரியமும் இல்லை. வீடற்றவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கத் தேர்தல் ஆணையத்திடம் ஒரு நடைமுறை இருக்கிறது: அவர் தூங்குவதாகச் சொன்ன இடத்துக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் போய்ப் பார்க்கிறார். கதவு எண் இல்லாதவளும் குடிமகளே என்று அரசு ஓரிடத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. போக்குவரத்துத் துறையும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் ஒப்புக்கொள்ள என்ன தடை?

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. பாரத் வரிசை எண்ணை முதலாளி இல்லாதவர்களுக்கும் திறந்துவிடுங்கள். கடிதம் பெறும் முகவரியும் குடியிருக்கும் இடமும் வேறாக இருக்கலாம் என்று ஏற்று, கடிதத்துக்கு அஞ்சலகத்தையே போதுமானதாக்குங்கள். தனி ஒருவர் செய்யும் மாற்றத்துக்கு மாவட்ட அளவில் ஆய்வும் ஆர்.சி.யில் பதிவும் கொடுங்கள். வண்டியையும் அதற்குள் இருக்கும் வாழ்க்கையையும் சேர்த்துக் காக்கும் ஒரே காப்பீட்டைக் கொண்டுவாருங்கள். படிவத்தில் 'குடியிருக்க' என்று ஒரு கட்டம் சேருங்கள்.

தோழியின் விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருக்கிறது. முகவரி என்ற இடத்தில் அவள் அண்ணன் வீட்டை எழுதவில்லை. வண்டி எண்ணையே எழுதிக் கொடுத்திருக்கிறாள்.