சிறகில்லாக் குதிரை

பாகூர் வட்டாரத்துக் கிராமங்களிலே ஐயனாரின் மண் குதிரைகளைக் காணாதார் இலர். இரவில் ஐயனார் அவற்றின்மேல் ஆரோகணித்து ஊரைக் காவல் சுற்றுகிறார் என்பது பெரியோர் வாக்கு.

சென்ற மாதம் நமது வகுப்பில் ஒரு சிறுவன் அக்குதிரையைச் சித்திரமாக எழுதினான். இருபுறமும் இரண்டு பெரிய சிறகுகள்! "ஐயனார் குதிரைக்கு ஏதடா சிறகு?" என்று சிவப்பு மையால் அடித்துவிட்டோம். "ஒரே ராத்திரியில் எல்லா ஊரையும் எப்படி ஐயா சுற்றும்?" என்றான் பையன். பட்டம் பெற்ற நமக்கு விடை வரவில்லை.

வீட்டில் ஏடுகளைப் புரட்டினோம். ஆதியில் குதிரைகள் யாவும் சிறகுள்ளவையாம்; அவை தேரிழுக்க வேண்டுமென்று இந்திரன் வேண்ட, சாலிஹோத்திர முனிவர் சிறகுகளை அறுத்தாராம். நமது அசுவ சாஸ்திரம் சொல்லும் கதை இது. கிரேக்கர்களுக்கு மெடூஸாவின் குருதியிற் பிறந்த பெகாஸஸ் உண்டு. நபிகள் நாயகத்தின் விண்ணேற்றத்தில் வரும் புராக்கையும் ஓவியர் பலர் சிறகுடனேயே தீட்டினர். உலகமெல்லாம் கண்ட கனவையே நமது மாணவனும் கண்டிருக்கிறான்!

வில்லியனூரில் ஒரு முதிய குயவரிடம் இதைச் சொன்னோம். கால், உடல், கழுத்து, தலை என்று தனித்தனியே உட்குடைவாக வனைந்து பொருத்துவதைக் காட்டிவிட்டு அவர் சிரித்தார்: "சிறகு மெல்லிசு, வாத்தியாரையா. சூளையிலே விண்டு போகும். பார்க்கிறவங்க மனசிலே வச்சுக்கட்டும்னு விட்டுட்டோம்."

வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அவ்வூர்க் கலைஞர் முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. பெருமைதான். ஆயினும் பல கோயில்களில் இன்று சிமெண்டுக் குதிரை நிற்கிறது. மண் குதிரை காலத்தில் கரையும், மறுபடி நேர்ந்துகொள்வார்கள், குயவர் வீட்டில் உலை கொதிக்கும். சிமெண்டுக் குதிரை ஒருமுறை நின்றால் அவரைத் தேடிப் போவார் யார்?

மறுநாள் பையனை அழைத்து, "தவறு நம்முடையது, அந்தப் படத்தைக் கொண்டு வா" என்றோம். "கிழித்துப் போட்டுவிட்டேன், ஐயா" என்றான்.

நாம் வெட்கினோம். வரும் சனிக்கிழமை வகுப்பு முழுவதையும் அந்தக் குயவரிடம் அழைத்துச் செல்வதாக இருக்கிறோம். ஆளுக்கொரு சிறு குதிரை வாங்குவது. சிறகை அவரவர் விருப்பம்போல் எழுதிக்கொள்வது. நேயர்களும் தத்தம் குழந்தைகளுடன் ஒருமுறை போய் வரலாமே! சிவப்பு மையை மட்டும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.