மேடை ஏறினா அது கம்ப்யூட்டர் இல்ல, வாத்தியம்

முதல்லயே ஒரு எச்சரிக்கை: கொஞ்சம் டெக்னிக்கல் சமாச்சாரம் இது. கீபோர்டு வாசிக்கிறவங்க தைரியமா உள்ள வரலாம். "இந்த லைட் மியூசிக் மேடையில லேப்டாப்பைத் திறந்து வெச்சுக்கிட்டு என்னதான்யா பண்றான்?"னு என்னைக்காவது யோசிச்சவங்களும் வரலாம் :-)

நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். மேடையில வாசிக்க லேப்டாப்பை நம்பலாம். ஆனா அதுல ஓட வேண்டியது ஸ்டுடியோவுக்குன்னு எழுதின ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் இல்ல, சின்னதா ஒரு ப்ளக்-இன் ஹோஸ்ட். அந்த லேப்டாப்புக்கும் அதுக்கப்புறம் வேற எந்த வேலையும் கொடுக்கக் கூடாது.

தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஸ்டெயின்பர்க் கம்பெனி 1996-ல க்யூபேஸோட சேர்த்து விஎஸ்டின்னு ஒரு முறையைக் கொண்டு வந்தாங்க. முதல்ல ரிவெர்ப், எக்கோ மாதிரி எஃபெக்ட் மட்டும்தான். 1999-ல விஎஸ்டி 2 வந்தப்ப, கீபோர்டுலேர்ந்து வர்ற மிடியை வாங்கிக்கிட்டு சத்தம் கொடுக்கிற வாத்தியங்களும் ப்ளக்-இன்னா வர ஆரம்பிச்சுது. பியானோ ஒண்ணு, வயலின் கூட்டம் ஒண்ணு, புல்லாங்குழல் ஒண்ணு. இதுங்க குடியிருக்க ஒரு வீடு வேணும் இல்லையா, அதுதான் ஹோஸ்ட். க்யூபேஸ், ரீப்பர், லாஜிக் எல்லாமே ஹோஸ்ட்தான், ஆனா அதெல்லாம் பங்களா. விண்டோஸ்ல கேன்டாபிலே, ஆப்பிள்ல மெயின்ஸ்டேஜ், ரெண்டுலயும் ஓடற கிக் பெர்ஃபார்மர், இலவசமாக் கிடைக்கிற கார்லா... இதெல்லாம் வாசிக்கிறதுக்குன்னே அளவாக் கட்டின வீடு.

பங்களா இருக்கறப்ப சின்ன வீடு எதுக்கு? நம்ம ஊர் மெல்லிசைக் குழுவை எடுத்துக்குவோம். ரெக்கார்டிங்ல முப்பது நாப்பது பேர் வாசிச்ச சினிமாப் பாட்டை மேடையில ரெண்டு கீபோர்டு தூக்கிச் சுமக்கணும். முதல் இன்டர்லூட்ல நாலு பார் வயலின், உடனே புல்லாங்குழல், அது முடியறதுக்குள்ள வீணை, பல்லவிக்குத் திரும்பும்போது எலெக்ட்ரிக் பியானோ. பிட்ச் பெண்ட் வீல் வயலினுக்கு ரெண்டு செமிடோன்னு இருந்தா, வீணைக்கு அஞ்சு வேணும். பழைய கீபோர்டுகள்ல சவுண்டை மாத்தினா பிடிச்சுக்கிட்டிருக்கிற நோட்டு பொசுக்குனு அறுந்துடும். நல்ல ஹோஸ்ட்ல அந்தப் பாட்டுக்கு வேண்டிய வாத்தியம் எல்லாம் முன்னாடியே மெமரியில ஏறி உக்காந்திருக்கும். கால்ல ஒரு ஸ்விட்சை மிதிச்சா, வயலின் அடங்கி முடியறதுக்குள்ள புல்லாங்குழல் கைக்கு வந்துடும்.

ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்லயும் இதைச் செய்யலாம், செய்யறவங்களும் இருக்காங்க. ஆனா அது யோசிக்கிற விதமே வேற. பார் 1, பார் 2ன்னு இடமிருந்து வலமா ஓடற கோடுதான் அதுக்கு உலகம். மேடையில பாடகர் கைதட்டலைப் பார்த்து உருகிப் போய் பல்லவியை மூணாவது தடவை எடுத்தார்னா அந்தக் கோடு அம்போ! ஹோஸ்ட்டுக்குக் காலக் கோடே கிடையாது. பாட்டு வரிசை இருக்கு, ஒவ்வொரு பாட்டுக்குள்ளயும் சவுண்ட் வரிசை இருக்கு. எப்ப அடுத்ததுக்குப் போகணும்கிறது உங்க கால் கையில... அதாவது, கால்ல :-)

"ஏபிள்டன் லைவ் மேடைக்குன்னே வந்ததுதானே?"ன்னு கேப்பீங்க. உண்மைதான். 2001-லேர்ந்து லூப் வெச்சு வாசிக்கிறவங்களுக்கு அதை மிஞ்ச ஆள் இல்ல. க்ளிக் டிராக்கோட வாசிக்கிற குழுவா இருந்தா தாராளமா வெச்சுக்குங்க. பாடகர் இழுக்கிற பக்கம் எல்லாம் போக வேண்டிய கீபோர்டுகாரருக்கு அது தேவையில்லாத சுமை.

இப்ப என் தொழில் புத்தியைக் கொஞ்சம் காட்டிக்கிறேன். 44,100 சாம்பிள் ரேட், 256 சாம்பிள் பஃபர்னு வெச்சா ஒரு பஃபர் 5.8 மில்லிசெகண்ட். ரெண்டு மீட்டர் தள்ளி இருக்கிற ஸ்பீக்கர்லேர்ந்து சத்தம் காதுக்கு வர்ற நேரம்தான், கை உறுத்தாது. ஆனா கம்ப்யூட்டர் பக்கத்துலேர்ந்து பாருங்க. 5.8 மில்லிசெகண்டுக்கு ஒரு டெட்லைன். மூணு மணி நேரக் கச்சேரியில கிட்டத்தட்ட 18.6 லட்சம் டெட்லைன்! ஒண்ணே ஒண்ணு தவறினாலும் ஸ்பீக்கர்ல 'டப்'. எந்த மேனேஜரும் நம்மகிட்ட இப்படி வேலை வாங்கினதில்ல.

அதனால சிபியு மீட்டர் சராசரியா 30 சதவீதம் காட்டுதுன்னு நிம்மதியா இருக்க முடியாது. மேடையில சராசரிக்கு மரியாதையே இல்ல, மோசமான அந்த ஒரு நொடிக்குத்தான் மரியாதை. அந்த நொடியைக் கொண்டு வர்றது பெரும்பாலும் ப்ளக்-இன் கிடையாது. வைஃபை டிரைவர், பின்னாடி நடக்கிற அப்டேட், ஆன்டிவைரஸ், பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன்னு வேகத்தைக் குறைக்கிற பவர் செட்டிங், இதுங்கதான் வில்லன்.

"அதான்யா சொல்றோம், லேப்டாப் ஹேங் ஆகும், ஹார்டுவேர்தான் நம்பிக்கை"ன்னு சீனியர் வாசிப்பாளர்கள் சொல்றாங்க. அவங்க பயம் நியாயமானது. நடுப் பாட்டுல சத்தம் நின்னா ஆயிரம் பேர் திரும்பிப் பார்க்கிறது அவங்க மூஞ்சியை. அடுத்த புக்கிங் போறதும் அவங்களுக்குத்தான். ஆனா ஒரு விஷயம் தெரியுமா? 2005-ல வந்த கோர்க் ஒயாசிஸ் உள்ள ஓடினது பென்டியம் 4 ப்ராசஸரும் லினக்ஸும். 2011-ல வந்த க்ரோனோஸ்ல இன்டெல் ஆட்டம், அதே லினக்ஸ். நம்பிக்கையான ஹார்டுவேர்னு மேடை மேடையா வாசிச்சதே ஒரு கம்ப்யூட்டரைத்தான்! அதை யாரும் அப்படிச் சொல்லாததுக்குக் காரணம், அதுல யாரும் மெயில் பார்க்கல, பிள்ளைங்க கேம் ஆடல, யூடியூப் ஓடல.

அந்த மரியாதையை லேப்டாப்புக்கும் கொடுங்கன்னுதான் கேக்கறேன். ஆபீஸ்ல ரிலீஸுக்கு முன்னாடி கோட் ஃப்ரீஸ் பண்றோம்ல, அதே மாதிரி கச்சேரிக்கு முன்னாடி ஃப்ரீஸ். புது ப்ளக்-இன் ஆசை எல்லாம் ரிகர்சலோட முடிஞ்சுடணும். நெட் கட். இன்டர்நெட்ல போய் லைசென்ஸ் கேக்கிற ப்ளக்-இன்னை மேடைக்கே ஏத்தாதீங்க, மண்டபத்துல சிக்னல் இருக்காது. எல்லாம் சரியா ஓடற அன்னிக்கு ஹார்டு டிஸ்கை முழுசா ஒரு இமேஜ் எடுத்து வெச்சுடுங்க. ஜெனரேட்டர் மாறும்போது கரன்ட் ஒரு நொடி போகும். பேட்டரி நல்லா இருக்கிற லேப்டாப்பும் யுஎஸ்பியிலயே ஓடற சவுண்ட் கார்டும் இருந்தா உங்க பெட்டி தப்பிச்சுடும். பெரிய கீபோர்டு ரீபூட் ஆகிறதுக்குள்ள நீங்க சரணத்துக்கே போயிருப்பீங்க. இவ்வளவுக்கும் மேல, பக்கத்துல சாதாரணக் கீபோர்டு ஒண்ணைத் தனி லைன்ல மிக்சருக்குக் கொடுத்து வெச்சிருங்க. தவில்காரர்கூட உபரியா ஒரு குச்சி வெச்சிருப்பார்.

ரெக்கார்டிங் பத்தி ஒரு வார்த்தை. ஹோஸ்ட்லயே ரெக்கார்ட் பண்ண வசதி இருந்தா ஆடியோ, மிடி ரெண்டையும் எடுங்க. மூணு மணி நேரம் 24 பிட் ஸ்டீரியோ எடுத்தா கிட்டத்தட்ட 2.9 ஜிபி. மிடி சில எம்பியோட முடிஞ்சுடும். மிடி இருந்தா வீட்டுக்கு வந்தப்புறம் அதே வாசிப்புக்கு வேற பியானோ போட்டுக் கேக்கலாம், தப்பா விழுந்த நோட்டையும் சத்தமில்லாம நகர்த்தலாம் (ஹி ஹி). ஆனா மிடியை மட்டும் நம்பாதீங்க. அது வெறும் விரல் அசைவு, சத்தம் ப்ளக்-இன்கிட்ட இருக்கு. விஎஸ்டி 2 எழுதறதுக்கான கிட்டைக் கொடுக்கிறதையே ஸ்டெயின்பர்க் 2018-ல நிறுத்திட்டாங்க. பத்து வருஷம் கழிச்சு அந்தப் புல்லாங்குழல் திறக்கும்னு யார் உத்தரவாதம் கொடுக்கிறது? ஆடியோ ஃபைல் திறக்கும்.

இதுல எனக்கு ஏன் இவ்வளவு அக்கறைன்னா, பெரிய வொர்க்ஸ்டேஷன் கீபோர்டு எல்லாம் லட்சத்தைத் தாண்டுது. கல்யாண ரிசப்ஷன் வாசிச்சுச் சம்பாதிக்கிற ஒரு பையன் அந்தப் பணத்தைச் சேர்க்கிறதுக்குள்ள சீசன் எத்தனையோ போயிடும். செகண்ட் ஹேண்ட் லேப்டாப், சின்ன சவுண்ட் கார்டு, ஒரு மிடி கீபோர்டு, ஒரு ஹோஸ்ட், இதை வெச்சே அவன் நல்ல குழுவுல உக்கார முடியும். லேப்டாப் நம்ப முடியாதுன்னு சொல்லி அந்தக் கதவைச் சாத்தாதீங்க. எப்படி வெச்சுக்கணும்னு சொல்லிக் கொடுங்க. வீணையைத் துணி போட்டு மூடி, கால் படாத இடத்துல வெக்கிற ஊர்தானே இது. அதுல பாதி மரியாதை போதும், லேப்டாப்பும் வாசிக்கும்.