ஸ்டியரிங் இடம் மாறுகிறது! அமெரிக்க வண்டிக்கு ஆஸ்திரேலியாவில் அறுவைச் சிகிச்சை

அமெரிக்காவில் ஒரு வண்டி தயாராகிறது. புத்தம் புதிய வண்டி. அதைக் கப்பலில் ஏற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புகிறார்கள். அது மெல்போர்ன் நகருக்குப் போய்ச் சேருகிறது.

உடனே விற்பனைக்குப் போகிறதா? இல்லை!

ஒரு தொழிற்சாலைக்குள் கொண்டுபோய் அதைப் பிரித்துப் போடுகிறார்கள். சீட்டுகளைத் தூக்கி வெளியே வைக்கிறார்கள். ஸ்டியரிங்கைக் கழற்றுகிறார்கள். வயர்களை உருவுகிறார்கள். பிறகு, இடது பக்கம் இருந்ததை எல்லாம் வலது பக்கம் வைத்து, மறுபடியும் பூட்டுகிறார்கள்.

ஒரு கிலோ மீட்டர்கூட ஓடாத வண்டியை ஏன் பிரிக்க வேண்டும்? அமெரிக்காவிலேயே வலது பக்கம் வைத்து அனுப்பினால் என்ன? இதனால் யாருக்கு லாபம்? யாருக்குக் கஷ்டம்?

இந்தக் கேள்விகளுக்குப் பின்னால், ஒரு நாட்டின் கார் தொழில் நொடித்துப்போன கதை இருக்கிறது.

வலது பக்கம் ஏன்?

நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடது பக்கமாகப் போகின்றன. அதனால் டிரைவர் வலது பக்கம் உட்காருகிறார். அப்போதுதான் சாலையின் நடுப்பகுதி அவர் அருகில் இருக்கும். எதிரே வருவது அவருக்கு நன்றாகத் தெரியும். இலங்கை, மலேசியா, ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலும் இதே வழக்கம்தான்.

அமெரிக்காவில் எல்லாம் தலைகீழ். வண்டி வலது பக்கம் போகும். டிரைவர் இடது பக்கம் உட்காருவார்.

அந்த வண்டியை அப்படியே ஆஸ்திரேலியச் சாலையில் ஓட்டினால் என்ன ஆகும்?

முன்னால் ஒரு லாரி போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை முந்த வேண்டும். எதிரே ஏதாவது வருகிறதா என்று பார்க்க வேண்டும். டிரைவரோ சாலையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கண்ணுக்கு லாரியின் முதுகுதான் தெரியும். எட்டிப் பார்க்க வேண்டுமானால், பாதி வண்டியை எதிர்ப்பக்கம் நீட்ட வேண்டும். அந்த நேரத்தில் ஒரு பஸ் வந்துவிட்டால்?

அதனால்தான் ஆஸ்திரேலியாவில் புதிய வண்டிகளுக்கு வலது பக்க ஸ்டியரிங் வேண்டும் என்று சட்டம் சொல்லுகிறது. மிகப் பழைய வண்டிகளுக்கும், சில விசேஷ வண்டிகளுக்கும்தான் விலக்கு உண்டு.

பசிபிக் கடலில் சமோவா என்று ஒரு சின்னத் தீவு நாடு இருக்கிறது. அங்கே வண்டிகள் வலது பக்கம் போய்க்கொண்டிருந்தன. ஆனால் அருகில் இருக்கும் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் கிடைக்கும் பழைய கார்கள் விலை குறைவு. அவை வலது பக்க ஸ்டியரிங் கார்கள். சமோவா அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? 2009 செப்டம்பர் 7-ந் தேதி, நாடு முழுவதும் வண்டிகள் இடது பக்கம் போக வேண்டும் என்று மாற்றிவிட்டது! சமோவா சாலையை மாற்றியது. ஆஸ்திரேலியா வண்டியை மாற்றுகிறது.

ஞாயிறு கோயில், திங்கள் சந்தை

இப்படி மாற்றப்படும் வண்டிகள் பெரும்பாலும் பிக்கப் வண்டிகள். முன்னால் குடும்பம் உட்கார இடம் இருக்கும். பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி இருக்கும். ஆஸ்திரேலியர்கள் இதை "யூட்" என்று செல்லமாக அழைப்பார்கள்.

இந்த யூட் பிறந்ததைப் பற்றி அங்கே ஒரு கதை சொல்லுகிறார்கள். ஒரு விவசாயியின் மனைவி ஃபோர்டு கம்பெனிக்குக் கடிதம் எழுதினாராம். ஞாயிற்றுக்கிழமை நனையாமல் மாதா கோயிலுக்குப் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஒரே வண்டி வேண்டும் என்று கேட்டாராம். லூயிஸ் பாண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் அப்படி ஒரு வண்டியை வரைந்தார். 1934-ம் ஆண்டு, ஜீலாங் நகரில் இருந்த ஃபோர்டு தொழிற்சாலையில் இருந்து அது வெளிவந்தது.

ஆகவே யூட் ஆஸ்திரேலியர்களுக்கு வெறும் வண்டி அல்ல. அவர்கள் வீட்டுப் பிள்ளை.

அந்தப் பிள்ளையை இன்று வெளியூரில் இருந்து வரவழைக்க வேண்டியதாகிவிட்டது!

மூடிய கதவுகள்

ஃபோர்டு கம்பெனி 1925 முதல் ஆஸ்திரேலியாவில் கார் செய்துவந்தது. 2016 அக்டோபரில் நிறுத்திவிட்டது. 2017 அக்டோபர் 3-ந் தேதி டொயோட்டா நிறுத்தியது. அதே மாதம் 20-ந் தேதி, அடிலெய்டு நகரை அடுத்த எலிசபெத்தில் ஹோல்டன் தொழிற்சாலை மூடப்பட்டது. "ஆஸ்திரேலியாவின் சொந்தக் கார்" என்று பெயர் வாங்கியது ஹோல்டன். அதன் முதல் கார் 1948-ல் வெளிவந்தது.

காரணம் என்ன? உள்நாட்டுச் சந்தை சின்னது. வெளிநாட்டில் இருந்து வரும் கார்களுக்கு வரி குறைந்துகொண்டே வந்தது. தாய்லாந்திலும் ஜப்பானிலும் செய்த வண்டிகள் மலிவாக வந்து இறங்கின. உள்ளூர்த் தொழிற்சாலையால் போட்டி போட முடியவில்லை.

ஒரு கார் தொழிற்சாலை மூடினால் என்ன ஆகும் என்பதை நாமும் பார்த்திருக்கிறோம். சென்னையை அடுத்த மறைமலைநகரில் ஃபோர்டு தொழிற்சாலை 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது. வேலை செய்தவர் வீட்டில் மட்டுமா கவலை? போல்ட் செய்து கொடுத்தவர், சீட்டு தைத்துக் கொடுத்தவர், வாசலில் டீக்கடை வைத்திருந்தவர் எல்லோருக்கும் கவலைதான்.

மெல்போர்னில் ஹோல்டன் கார்களை வாங்கி, வேகம் கூட்டி, மெருகேற்றி விற்ற ஒரு கம்பெனி இருந்தது. வாக்கின்ஷா குடும்பத்துக் கம்பெனி அது. ஹோல்டன் நின்றுபோனால் அந்தக் கம்பெனிக்கு என்ன வேலை? அவர்கள் கைகட்டி உட்காரவில்லை. அமெரிக்க பிக்கப் வண்டிகளை வலது பக்க ஸ்டியரிங்காக மாற்றும் வேலையில் இறங்கினார்கள். ராம், ஷெவர்லே சில்வராடோ வண்டிகள் அங்கே மாறின. பிறகு டொயோட்டா டன்ட்ராவும் அங்கே மாறி, 2024 இறுதியில் விற்பனைக்கு வந்தது. ஃபோர்டு எஃப்-150 வண்டியை மாற்றும் வேலையை, 2023-ல் மெல்போர்னின் வடக்கே மிக்கில்ஹாமில் வேறு ஒரு கம்பெனி தொடங்கியது.

கழற்றி மாட்டினால் போதுமா?

"ஸ்டியரிங்கைக் கழற்றி அந்தப் பக்கம் மாட்டினால் தீர்ந்தது. இதற்கு ஒரு தொழிற்சாலையா?" என்று கேட்கத் தோன்றும்.

அது அவ்வளவு சுலபம் அல்ல!

ஸ்டியரிங்கின் தண்டு, எஞ்சினுக்கும் டிரைவருக்கும் நடுவே உள்ள இரும்புத் தடுப்பைத் துளைத்துக்கொண்டு போகிறது. அது அடியில் உள்ள பல்சட்டத்தோடு சேருகிறது. பல்சட்டம்தான் முன்சக்கரங்களைத் திருப்புகிறது. ஸ்டியரிங் வலது பக்கம் போனால், தடுப்பில் புதிய வழி வேண்டும். பல்சட்டமும் வேறு வேண்டும். தண்டு போகிற வழியில் வேறு குழாயோ கருவியோ இருந்தால், அதையும் நகர்த்த வேண்டும்.

பிரேக் மிதி வலது பக்கம் வர வேண்டும். மிதியோடு சேர்ந்து, அழுத்தத்தைப் பெருக்கும் கருவியும் வர வேண்டும். வலது பக்கத்துக்கு ஏற்ற புதிய டாஷ்போர்டு வேண்டும். குளிர்சாதனக் கருவி இடம் மாற வேண்டும். வயரிங் முழுவதும் அதற்குத் தக்கபடி மாற வேண்டும். கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரும் திசை மாற வேண்டும். இல்லாவிட்டால், மழையில் டிரைவர் முன்னால் உள்ள மூலை துடைக்கப்படாமல் நிற்கும்.

விளக்கையும் மறக்கக் கூடாது. ஹெட்லைட் வெளிச்சம் ஓரத்தில் சற்று உயர்ந்தும், எதிரே வருகிறவர் பக்கம் தாழ்ந்தும் விழும்படி செய்வார்கள். அமெரிக்க விளக்கை அப்படியே விட்டால், எதிரே வருகிறவரின் கண் கூசும். பின்னால் திரும்புவதைக் காட்டும் விளக்கு, அமெரிக்காவில் சிவப்பாக இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் அது மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம் காற்றுப் பை. விபத்து நடந்தால் கண் இமைக்கும் நேரத்துக்குள் விரிந்து உயிரைக் காப்பது அது. டிரைவர் முன்னால் இருக்கும் பை வேறு. பக்கத்தில் உட்காருகிறவர் முன்னால் இருக்கும் பை வேறு. இரண்டும் இடம் மாற வேண்டும். சரியான நேரத்தில் விரிகிறதா என்று சோதித்தும் பார்க்க வேண்டும்.

முன்காலத்தில் சில பட்டறைகளில் குறுக்கு வழி ஒன்று இருந்தது. பழைய இடத்தில் இருக்கும் தண்டை அப்படியே விட்டுவிட்டு, புதிய ஸ்டியரிங்கில் இருந்து சைக்கிள் போல ஒரு சங்கிலி போட்டு இணைத்துவிடுவார்கள். செலவு குறைவு. ஆனால் ஓடும்போது சங்கிலி தளர்ந்தாலோ அறுந்தாலோ, ஸ்டியரிங் இருந்தும் பயன் இல்லை. வண்டியில் இருப்பவர்களை யார் காப்பாற்றுவது?

இந்த வித்தியாசத்தைத்தான் கவனிக்க வேண்டும். ஒன்று ஒட்டுவேலை. மற்றொன்று மறுபடியும் செய்வது. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். விபத்து வரும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

அமெரிக்கா ஏன் செய்வதில்லை?

அமெரிக்கர்களுக்கு வலது பக்க ஸ்டியரிங் செய்யத் தெரியாதா? தெரியும். அங்கே தபால்காரர்களுக்கு வலது பக்க ஸ்டியரிங் வைத்த வண்டிகள் உண்டு. சாலை ஓரத்தில் இருக்கும் தபால் பெட்டிகளில், வண்டியை விட்டு இறங்காமலே கடிதம் போடுவதற்காக!

விஷயம் கணக்கில் இருக்கிறது. அமெரிக்காவில் ஃபோர்டின் எஃப் வரிசை பிக்கப் வண்டிகள், 2024-ம் ஆண்டில் மட்டும் 7 லட்சத்துக்கு மேல் விற்றன. ஆஸ்திரேலியாவில் இப்படிப்பட்ட பெரிய பிக்கப் ஒவ்வொன்றும் ஆண்டுக்குச் சில ஆயிரம்தான் விற்கும். சில ஆயிரம் வண்டிகளுக்காக, லட்சக்கணக்கில் ஓடும் உற்பத்தி வரிசையை மாற்றக் கம்பெனிகள் விரும்புவதில்லை. "நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிடுகிறார்கள்.

அந்த அலட்சியம்தான் மெல்போர்ன் தொழிலாளிக்கு வேலை கொடுத்திருக்கிறது. ஆனால் அதுவே அவனுக்கு ஆபத்தும்கூட. அமெரிக்கக் கம்பெனி நாளைக்கு மனம் மாறி வலது பக்க வண்டி செய்ய ஆரம்பித்தால், இவன் வேலை போய்விடும். கடிவாளம் அடுத்தவன் கையில் இருக்கிறது.

வாங்குவோரும் வெறுப்போரும்

பாடுபட்டு மாற்றுவதால் விலையும் அதிகம். இன்று இந்த வண்டிகளில் பெரும்பாலானவை ஒரு லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் போகின்றன. அப்படியும் வாங்குகிறார்கள். ஏன்? இழுக்கும் சக்தி! அங்கே சாதாரண பிக்கப் 3½ டன் வரைதான் இழுக்கும். இவை 4½ டன் வரை இழுக்கும். குதிரை வண்டி, படகு, குடும்பத்தோடு தங்கும் நடமாடும் வீடு இவற்றை இழுத்துப் போக உதவும்.

ஆனால் எதிர்ப்பும் இருக்கிறது. அங்கே கார் நிறுத்தும் கட்டம் ஒன்றின் வழக்கமான நீளம் 5.4 மீட்டர். இந்த வண்டியின் நீளமோ ஏறத்தாழ 5.9 மீட்டர். அரை மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். முன்பகுதி உயரமாக இருப்பதால், அருகில் வரும் சிறு குழந்தை டிரைவர் கண்ணில் படாமல் போகலாம். பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளைகளோடு நிற்கும் தாய்மார்களின் பயத்தைத் தப்பு என்று சொல்ல முடியாது.

புகை விஷயமும் சேர்ந்திருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் ஆஸ்திரேலியாவில் புதிய புகைச் சட்டம் அமலுக்கு வந்தது. சாமான் வண்டிகளுக்கு, ஒரு கிலோ மீட்டருக்கு 210 கிராம் கரியமில வாயு என்பது முதல் ஆண்டின் இலக்கு. 2029-ல் அது 110 கிராமாகக் குறையும். கம்பெனி விற்கும் வண்டிகளின் சராசரி அதைத் தாண்டினால் அபராதம். பெரிய பெட்ரோல் எஞ்சின் வண்டிகளுக்கு இது பலத்த அடி.

எது சரி?

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

தொழிற்சாலைகள் மூடிய பிறகும், கையில் இருந்த வித்தையை விடாமல் பிழைத்தார்களே, அது பாராட்ட வேண்டிய விஷயம். வித்தை ஒரு தலைமுறை கைவிட்டுப் போனால், திரும்பக் கிடைப்பது கஷ்டம். ஆனால் இது பழைய தொழிலுக்கு ஈடாகாது. இங்கே தகடு வார்ப்பதில்லை. எஞ்சின் செய்வதில்லை. அடுத்த நாட்டில் செய்ததை நம் சாலைக்கு ஏற்பத் திருத்துகிறார்கள், அவ்வளவுதான்.

சாலைக்கு ஏற்றபடி வண்டியை மாற்ற வேண்டும் என்று சட்டம் கேட்டது. தொழிலாளி மாற்றிக் காட்டிவிட்டான். வண்டியின் பருமனும் சாலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று இப்போது மக்கள் கேட்கிறார்கள்.

ஸ்டியரிங் இடம் மாறிவிட்டது. பருமன் அப்படியே இருக்கிறது. அதை மெல்போர்ன் தொழிலாளியால் மாற்ற முடியாது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள், வண்டியைச் செய்கிறவர்களும் வாங்குகிறவர்களும்தான்!