கேட்டில் பாட்டிலைப் பிடுங்குவது, உள்ளே இரண்டு மடங்கு விலைக்கு விற்பதா?

டிக்கெட் போட்டு நடத்தும் பெரிய மேட்ச் என்றால் ஊருக்கு ஊர் இதே கதைதான். கேட்டில் நிற்கும் ஆள் பையைத் தடவிப் பார்க்கிறார். தண்ணீர் பாட்டில் இருந்தால் போச்சு! "உள்ளே கிடைக்கும், போங்க" என்கிறார்.

உள்ளே கிடைக்கிறது. என்ன விலைக்கு? பாட்டிலில் அச்சடித்த விலைக்கு அல்ல. கேட்ட விலைக்கு!

சேலம், நாமக்கல் பக்கத்து வெயிலைப் பற்றி யாரும் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை. சித்திரை மாதத்தில் சாயங்காலம் 4 மணிக்கும் சிமெண்டு கேலரி சுடும். ராசிபுரத்தில் இருந்தும், திருச்செங்கோட்டில் இருந்தும் பஸ் ஏறி வருகிற பையன் கையில் எவ்வளவு இருக்கும்? பஸ் சார்ஜ், டிக்கெட் போக மிச்சம் இருப்பது சில்லறைதான்.

கால்பந்தில் இடைவேளை 15 நிமிடம். அந்த 15 நிமிடத்தில்தான் மொத்தக் கூட்டத்துக்கும் தாகம் எடுக்கிறது. வெளியே போனால் மறுபடி விடமாட்டார்கள். ஸ்டால்காரர் சொன்னதே விலை.

பயம் நியாயம்தான்

பாட்டிலைத் தடுப்பதற்குக் காரணம் உண்டு. 1996 மார்ச் 13-ந்தேதி கொல்கத்தா ஈடன் கார்டனில் உலகக் கோப்பை கிரிக்கெட் அரை இறுதி. இந்தியா தோற்கப்போகிறது என்றதும் ரசிகர்கள் பாட்டில்களை வீசினார்கள். ஆட்டம் நின்றது. இலங்கை ஜெயித்ததாக அறிவிக்கப்பட்டது. அந்த பயம் போலீசுக்கு இருக்கத்தான் செய்யும்.

சரி, தடுங்கள். ஆனால் தடுத்தவர்தானே தண்ணீர் கொடுக்க வேண்டும்?

2017 அக்டோபர் 6-ந்தேதி டெல்லி நேரு ஸ்டேடியத்தில் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை கால்பந்து நடந்தது. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஆட்டம். பார்க்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் தவித்தார்கள். உலகப் போட்டியிலேயே இந்தக் கதி!

சட்டம் என்ன சொல்கிறது?

அச்சடித்த அதிகபட்ச விலைக்கு மேல் ஒரு காசு வாங்கினாலும் குற்றம். 2011-ம் ஆண்டு பொட்டலப் பொருட்கள் விதி அப்படித்தான் சொல்கிறது. ஒரே பொருளுக்கு ஊருக்குள் ஒரு விலை, தியேட்டருக்கு ஒரு விலை என்று அச்சடிக்கும் தந்திரத்துக்கும் 2018 ஜனவரி 1 முதல் தடை வந்துவிட்டது.

"ஓட்டலில் மட்டும் கூட வாங்கலாமாமே?" என்று சிலர் கேட்பார்கள். 2017 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அப்படித் தீர்ப்பு சொன்னது உண்மை. ஆனால் ஓட்டலில் மேஜை, நாற்காலி, பரிமாற ஆள் எல்லாம் உண்டு. கேலரிப் படியில் கையில் திணித்துவிட்டு ஓடுகிற பாட்டிலில் என்ன உபசரிப்பு கண்டோம்?

2025 செப்டம்பர் 22 முதல் பாட்டில் தண்ணீருக்கு வரி 18 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாக இறங்கியது. ரெயில்வே உடனே 15 ரூபாய் 'ரெயில் நீர்' லிட்டர் பாட்டிலை 14 ரூபாய் ஆக்கியது. ஓடுகிற ரெயிலில் முடிவது, ஓடாத ஸ்டேடியத்தில் முடியாதா?

ஸ்டால்காரரைக் கேட்டால், "வாடகை கட்டி எடுத்திருக்கோம் சார், நாங்க எங்கே போறது?" என்பார். அதிலும் நியாயம் இருக்கிறது. மேட்ச் நடத்துகிறவர் ஸ்டாலை அதிகத் தொகைக்கு விட்டால், அந்தத் தொகை கடைசியில் ரசிகன் தலையில்தான் விழும். ஆக, முதலில் கேட்க வேண்டியது ஸ்டால்காரரை அல்ல. ஸ்டாலை விட்டவரை!

ஏழையின் தண்ணீர் எங்கே?

முன்பெல்லாம் தண்ணீர் பாக்கெட் இருந்தது. சில்லறைக் காசில் தாகம் தீர்ந்தது. 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் தடையில் அது போயிற்று. தடை நல்லதுதான். சாக்கடை அடைப்பு குறையும். ஆனால் பாக்கெட் போன இடத்தில் மலிவாக வேறொன்று வரவில்லை. பாட்டில் மட்டும் மிஞ்சியது.

குடிக்க வேறு என்ன உண்டு? பெரிய கம்பெனி கலர் மட்டும்தான். உலகக் கோப்பை கால்பந்துக்கே 1978 முதல் கோக கோலாதான் ஸ்பான்சர். பணம் கொடுத்தவன் பானம்தான் அங்கே ஓடும். நம் ஊர் மைதானத்துக்கு அந்தக் கட்டாயம் என்ன?

2017 மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்கமாட்டோம் என்று தமிழக வணிகர்கள் அறிவித்தார்கள். 1916-ல் விருதுநகரில் பிறந்த காளிமார்க் போன்ற நம் கம்பெனிகளை மக்கள் அப்போது தேடி வாங்கினார்கள். ஸ்டேடியத்தில் தேடினாலும் கிடைக்க வேண்டாமா? நீர்மோர், நன்னாரி சர்பத், கம்மங்கூழ் எல்லாம் சேலத்து ரோட்டோரத்திலேயே கிடைக்கிறதே! கண்ணாடி பாட்டில் ஆபத்து என்றால் கோலி சோடாவை ஸ்டாலிலேயே உடைத்து டம்ளரில் ஊற்றிக் கொடுக்கலாம்.

செய்ய வேண்டியது

ஒன்று: பாட்டிலைப் பிடுங்கும் மைதானத்தில் ஒவ்வொரு கேலரிக்கும் குடிநீர்க் குழாய், எவர்சில்வர் டம்ளர். இலவசமாக!

இரண்டு: ஸ்டால் விடும்போதே விலைப் பட்டியலை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். அந்தப் பட்டியலைப் பெரிய எழுத்தில் மாட்ட வேண்டும்.

மூன்று: நீர்மோருக்கும் சர்பத்துக்கும் குறைந்த வாடகையில் ஒரு இடம்.

நான்கு: மேட்ச் நாளில் தொழிலாளர் துறை அதிகாரிகள் ஒரு நடை வந்து பார்க்க வேண்டும். எடை அளவையோடு அச்சடித்த விலையைக் கவனிப்பதும் அவர்கள் வேலைதான்.

ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை. கூட வாங்கினால் பில் கேளுங்கள். கொடுக்காவிட்டால் பாட்டிலில் உள்ள விலையையும், கடையையும் போட்டோ எடுத்து, நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். "பத்து ரூபாய்தானே" என்று விட்டுவிடாதீர்கள். ஆயிரம் பேர் அப்படி விட்டால் ஒரே இடைவேளையில் பத்தாயிரம் ரூபாய்!