கண்டோன்மெண்ட் கலையட்டும், நம் கூரைக்கு யார் பொறுப்பு?



செகந்திராபாத் கண்டோன்மெண்டைக் கலைத்து மாநகராட்சியோடு சேர்க்க வேண்டும் என்ற நோட்டீஸ் நம் பஸ்திகளுக்கும் வந்துவிட்டது. கையெழுத்துப் போடலாமா என்று கேட்கிறீர்கள். போடுங்கள். முழுக்கப் படித்துவிட்டுப் போடுங்கள்.

2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி போர்டுக்கு 8 பேரை நாம் தேர்ந்தெடுக்கலாம். தலைவர் நாற்காலியோ ராணுவ அதிகாரிக்கு. அவரை உட்கார வைக்கவும் நம்மால் முடியாது, இறக்கவும் முடியாது. போகட்டும், அந்த 8 பேராவது உண்டா? 2015 ஜனவரியில் தேர்தல் நடந்தது. 2020-இல் முடிந்த பதவிக்காலத்தை மேலும் ஓராண்டு இழுத்தார்கள். 2023 ஏப்ரல் 30-இல் தேர்தல் என்றார்கள். மார்ச்சிலேயே அறிவிப்பை வாபஸ் வாங்கினார்கள். ராணுவம் அடைத்த சாலைகளைத் திறக்க 2018 மே மாதம் டில்லியிலிருந்து உத்தரவு வர வேண்டியிருந்தது! இந்தப் போர்டு போனால் நான் கண்ணீர் விடப்போவதில்லை.

பசுமை போய்விடும், அடுக்குமாடி வந்துவிடும் என்று பங்களாவாசிகள் புலம்புகிறார்கள். அவர்கள் மாமர நிழல் நம் சந்தில் எந்தக் காலத்தில் விழுந்தது?

ஆனால் இணைப்புக்காரர்களும் ஒன்றை மறைக்கிறார்கள். 2024 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் வகுத்த நெறிமுறையில், குடிநீர், சாலை போன்ற நகரசபைச் சொத்துக்கள் மாநிலத்துக்கு இலவசமாகப் போகும் என்று இருக்கிறது. நில உரிமையோ, பொருந்துகிற இடங்களில் மத்திய அரசிடமே நிற்கும். அதாவது குழாய் மாநகராட்சிக்கு, குழாயடி மண் டில்லிக்கு! அந்த மண்ணில்தானே நம் குடிசை நிற்கிறது?

ஆக்கிரமிப்பாளர் என்று பெயர் வைத்து நம்மவர்களுக்குச் செய்ததை மறக்க முடியுமா? பச்மடி கண்டோன்மெண்ட் வழக்கில் 2016-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. அதைக் காட்டி இங்கேயும் ஆயிரக்கணக்கான பெயர்களைப் போர்டு வாக்காளர் பட்டியலிலிருந்து அடித்தார்கள். அதே மனிதன் எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கலாம், தன் தெருவிளக்குக்கு ஓட்டுப் போடக் கூடாது! மாநகராட்சி வார்டு வந்தால் இந்த அவமானம் தீரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கையெழுத்துப் போடச் சொல்வதும் அதற்காகத்தான். ஓட்டு வந்தால் பட்டா தானாக வந்துவிடுமா?

ஊர் கலைவது புதிதல்ல. செகந்திராபாத் நகராட்சியே 1960-இல் ஹைதராபாத்தோடு கலந்தது. இமாசலத்தில் காஸ் யோல் என்ற சின்னக் கண்டோன்மெண்டை 2023 ஏப்ரலில் கலைத்தார்கள். ராணுவப் பகுதி ராணுவத்திடமே நின்றது. நான் இருபது வருஷ ரயில்வே குமாஸ்தா. ஃபைல் ஓர் ஆபீஸிலிருந்து இன்னோர் ஆபீஸுக்கு மாறும்போது பெரிய மனிதர் காகிதம் தொலைவதில்லை. என் அத்தையின் குடும்பப் பென்ஷன் காகிதம் இரண்டு ஆபீஸ்களுக்கு நடுவே பதினோரு மாதம் கிடந்தது. அங்கே கேட்டால் இங்கே என்பான், இங்கே கேட்டால் அங்கே என்பான். நாளைக்கு நம் வீட்டை இடிக்க வருகிறவனும் அதையே சொல்வான்.

ஆகவே நோட்டீஸில் இரண்டு வரி சேர்க்கச் சொல்வோம். இணைப்புக்கு முன்னால் ஒவ்வொரு பஸ்தியையும் இரு அரசுகளும் சேர்ந்து அளக்க வேண்டும். பட்டா முடிவாகும்வரை ஒரு வீட்டையும் தொடக் கூடாது. சேர்க்க மறுத்தால், அவர்கள் கேட்பது நம் கையெழுத்தை மட்டும்தான் என்று தெரிந்துகொள்வோம்.

ஞாயிறு மாலை சங்கக் கூட்டத்துக்கு ரேஷன் கார்டு, கரண்டு பில், பழைய வீட்டு எண் சீட்டு எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். ஜெராக்ஸ் செலவு சங்கத்துடையது.