சிலந்திக்கு மெத்தை சகிரிச்சோறு

ஜெர்மனியிலோ போலந்திலோ ஒரு வீட்டின் வரவேற்பறை. மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே நிமிர்த்தி வைத்த மரப்பட்டையின் பின்னால் எட்டுக் கால்களையும் பரப்பிக்கொண்டு ஒட்டியிருக்கிறது உள்ளங்கை அளவுச் சிலந்தி. அதன் பூர்வீகம் பழைய திருவிதாங்கூர் சமஸ்தானம். பெட்டியின் அடியில் பரப்பியிருக்கும் பழுப்பு நிறத் துகளுக்கும் அநேகமாக இதே பக்கம்தான் சொந்த ஊர். தென்னை நார்க்கழிவு. துகள் கப்பலேறியது ரசீதோடும் முத்திரையோடும். சிலந்தியின் பாட்டி ஊரைவிட்டுப் போன விதம் வேறு.

டாரன்டுலா எனப்படும் பெருஞ்சிலந்திகளை வீட்டில் வளர்ப்பது மேல்நாடுகளில் பழகிப்போன பொழுதுபோக்கு. இந்திய நகரங்களுக்கும் அது வந்து சேர்ந்துவிட்டது. 2021 ஜூலையில் சென்னை விமான நிலைய சுங்க அதிகாரிகள் போலந்திலிருந்து தபாலில் வந்த ஒரு தெர்மோகோல் பெட்டியைத் திறந்தார்கள். வெள்ளித் தாளும் பஞ்சும் சுற்றிய 107 சின்னஞ்சிறு பிளாஸ்டிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் உயிருள்ள ஒரு சிலந்தி. பெறுநர் முகவரி தென் தமிழகத்து ஊர் ஒன்று. அவை மத்திய அமெரிக்கா, மெக்சிகோ பக்கத்து டாரன்டுலாக்கள் என்று நிபுணர்கள் சொல்ல, பார்சல் வந்த வழியே திருப்பி அனுப்பப்பட்டது.

சிலந்தி வளர்ப்போர் முதலில் முட்டிக்கொள்ளும் கேள்வி இரை பற்றியது அல்ல. பெட்டிக்குள் எதைப் பரப்புவது என்பதுதான். நாய்க்குச் சாக்கு போடுவது போன்ற விஷயமில்லை இது. சிலந்தியின் உடம்பில் ஈரம் தங்குவதும், அது ஒளிவதும், தோலுரிப்பதும் காலடித் தரையை நம்பியே நடக்கின்றன. தரை தவறினால் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய பெண் சிலந்தி சில மாதங்களில் சுருண்டுவிடும்.

இந்தக் கேள்விக்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் பதில்களில் முன்னால் நிற்பது, திருவனந்தபுரத்துக்காரர்கள் சகிரிச்சோறு என்று அழைக்கும் சரக்கு. சகிரி என்றால் தேங்காய் நார். நாருக்கு நடுவே சோறு போல உதிரும் துகளுக்கு மலையாளம் வைத்த பெயர் அது. தேங்காய் மட்டையில் நார் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் இந்தத் துகள். மாவட்டத்தின் வடகோடியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டை நிற்கும் அஞ்சுதெங்கு ஒரு காலத்தில் கயிறுக்குப் பேர்போனது. அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு ரகக் கயிறு சந்தையில் விலைபோனது. ஆனால் சோற்றை யாரும் சீந்தவில்லை. லிக்னின் அதிகம் என்பதால் எளிதில் மக்காது. காயல் கரைகளில் குன்று குன்றாகக் கிடந்து, மழை பெய்தால் கருஞ்சாறாக வடிந்து தண்ணீரைக் கெடுத்தது. அந்தக் குப்பைதான் இன்று இந்தியக் கயிறுத் தொழிலின் ஏற்றுமதியில் முதலிடத்தில் இருக்கிறது. பொள்ளாச்சி வட்டாரத்தில் அதைக் கட்டியாக அழுத்தி உலகெங்கும் அனுப்புகிறார்கள்.

சிலந்திக்கு அது ஒத்துப்போவதற்குக் காரணம் உண்டு. தன் எடையைப்போல் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்து மெதுவாக விடும். எளிதில் அழுகாது. எடையும் குறைவு. 650 கிராம் கட்டி ஒன்றை நீரில் ஊறவைத்தால் எட்டு ஒன்பது லிட்டர் துகளாகப் பூத்துவிடும். ஐரோப்பாவில் முன்பு பயன்பட்டது சதுப்பு நிலங்களில் வெட்டியெடுக்கும் பீட். அது உருவாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். தென்னை மட்டையோ 45 நாளுக்கு ஒரு வெட்டில் வந்து விழுகிறது.

ஆனால் எல்லாச் சகிரிச்சோறும் ஒன்றல்ல. கேரளக் கரையில் மட்டையைக் காயலின் உவர்நீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு நார் எடுப்பது பழைய முறை. அந்தத் துகளில் உப்பு தங்கியிருக்கும். நல்ல தண்ணீரில் பலமுறை அலசிய சரக்கே வேண்டும். செடிக் கடையில் கிடைப்பதை அப்படியே அள்ளிப் போடுவதும் ஆபத்து. உரம் கலந்தது உதவாது. வேப்பம் புண்ணாக்கு கலந்தது கூடவே கூடாது. பூச்சியை விரட்டும் பொருளுக்குச் சிலந்தியின் படுக்கையில் இடமில்லை. தேவதாரு, பைன் மரச் சீவல்களின் வாசனை எண்ணெயும் அதற்கு ஆகாது. மணலும் சரளையும் ஈரத்தைத் தாங்கா, வளை தோண்டினால் சரிந்துவிடும்.

எவ்வளவு ஆழம் என்பது இனத்தைப் பொறுத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சாலையோர மண்கரைகளில் வளை தோண்டி வாழும் இனங்களும் உண்டு. அப்படிப்பட்டவற்றுக்கு வெறும் சகிரிச்சோறு போதாது. உரமில்லாத செம்மண்ணைக் கலந்து அழுத்தி, பெட்டியில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டும். தரைவாழ் சிலந்தி கண்ணாடியில் ஏறி உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு வெடித்துச் செத்துப்போகும். ஆகவே தரைக்கும் மூடிக்கும் இடையே அதன் கால் விரிப்பைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் இடைவெளி வைப்பதில்லை. மரம்வாழ் இனங்களுக்குக் கணக்கு தலைகீழ்: பெட்டி உயரமாக, அடியில் நாலைந்து அங்குலத் துகள், மேலே ஒளிந்துகொள்ள மரப்பட்டை.

ஈரத்தில்தான் மேல்நாட்டுக் கையேடுகள் திருவனந்தபுரத்தில் தடுக்கி விழுகின்றன. ஹீட்டர் ஓடும் ஐரோப்பிய வீட்டில் காற்று வறண்டிருக்கும். அங்கே தினமும் நீர் தெளிப்பது நியாயம். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, இடையில் கடற்காற்று என்றிருக்கும் ஊரில் அதையே செய்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை பூத்துவிடும். உண்ணிப் பேன்கள் மொய்க்கும். துகளைக் கையில் எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் வரக்கூடாது. அடித்தட்டு ஈரமாகவும் மேல்தட்டு உலர்ந்தும் இருக்க வேண்டும். ஒரு கிண்ணத்தில் தண்ணீர், இரு பக்கமும் காற்றுத் துளைகள் போதும். தின்று போட்ட பூச்சியின் மிச்சத்தை மறுநாளே எடுத்துவிட வேண்டும்.

இவ்வளவும் சரி. எந்தச் சிலந்திக்கு?

திருவிதாங்கூரிலிருந்து கிடைத்த பொசிலோதீரியா ரூஃபிலாட்டாவை 1899ல் விவரித்துப் பெயர் சூட்டியவர் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆர்.ஐ. போகாக். ஆந்திராவின் கூத்தியில் கிடைத்த நீலச் சிலந்திக்கும் அவர் அதே ஆண்டு பெயர் வைத்தார். அதன் பிறகு நூறாண்டு அந்த நீலச் சிலந்தியை யாரும் பார்க்கவில்லை. 2001ல்தான் நந்தியால் பக்கத்துக் காட்டில் மறுபடி தென்பட்டது. ராமேஸ்வரத்து ஹனுமவிலாசம் தோப்பின் பெயரைத் தாங்கிய இன்னொன்று 2004ல் விவரிக்கப்பட்டது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் முதலாவது அழியும் நிலையிலும், மற்ற இரண்டும் அழிவின் விளிம்பிலும் இருக்கின்றன. இந்த இனத்தின் கடியால் உயிர் போனதாகப் பதிவில்லை. தசைப்பிடிப்பு மட்டும் நாள்கணக்கில் வாட்டும்.

2019ல் ஜெனீவாவில் கூடிய சைட்டீஸ் மாநாடு இந்தப் பேரினம் முழுவதையும் தன் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. இலங்கையும் அமெரிக்காவும் கொண்டுவந்த தீர்மானம் அது. இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022ல் செய்த திருத்தம், சைட்டீஸ் பட்டியல் உயிரினங்களுக்கென்று தனி அட்டவணை வகுத்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அது அமலில் இருக்கிறது. பட்டியலிலுள்ள வெளிநாட்டு உயிரினத்தை வைத்திருப்பவர் பதிவு செய்தாக வேண்டும். நெய்யாறு, பேப்பாறை சரணாலயங்களிலிருந்து ஒரு சிலந்தியைக் குப்பியில் போட்டுக்கொண்டு வருவதோ நேரடிக் குற்றம்.

திருவனந்தபுரத்தில் எந்தச் செடிக் கடையிலும் மெத்தை கிடைக்கும். அதில் படுக்க வேண்டிய உள்ளூர்ச் சிலந்தியின் இடம் காட்டில். முதிய மரத்தின் பொந்தில், தானே உதிர்ந்த மரத்தூளும் இலைச் சருகும் கலந்து பல ஆண்டுகளாகச் சேர்ந்த தரை அது. மழைக்காலத்தில் நனையாமலும் கோடையில் முழுக்க உலராமலும் இருக்கும். அலசவோ பிழிந்து பார்க்கவோ ஆள் வேண்டாம். கண்ணாடிப் பெட்டிக்காரர்கள் கட்டி கட்டியாகச் சகிரிச்சோறு வாங்கி நகலெடுக்கப் பார்ப்பது இந்தத் தரையைத்தான். பொந்து விழ ஒரு மரத்துக்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். அந்த மரத்தைப் பட்டுப்போனது என்று சொல்லி வெட்டிச் சாய்க்க ஒரு பிற்பகல் போதும்.